இடது பக்கத்துக் காலி இருக்கைகள்

6

தன் மூளைக்குள் எட்டிப் பார்க்க ஒரு மனிதன் தானே கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தால், அவன் நிரபராதி என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சைமிக்குத் தோன்றவில்லை. எங்கள் அலுவலகக் கதவில் அவள் பெயர் பெரிய எழுத்திலும் என் பெயர் அதற்குக் கீழே ஸ்டிக்கரிலும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

சைமி துவோக்கோ, தனியார் துப்பறிவாளர். நான் ஓன்னி, அவளுடைய உதவியாளன். ஒன்பது வருடத்துக்கு முன்புவரை அவளுடைய கணவன். பின்லாந்தின் துர்க்கு நகரப் பேருந்தில் இருபத்திரண்டு வருடம் ஓட்டுநராக இருந்தவன். விவாகரத்து முடிந்த மறு மாதமே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டாள். புருஷனாக நான் சொன்ன எதையும் நம்ப முடியவில்லை என்றும், ஆனால் வண்டி நன்றாக ஓட்டுகிறேன் என்றும் காரணம் சொன்னாள். இரண்டும் உண்மை.

கேஸ் இதுதான். போன அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை பத்து ஐம்பதுக்கு, காரினா சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஹெல்லெவி என்ற நீச்சல் ஆசிரியையை ஒரு சாம்பல் நிறக் கார் இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு மூன்றாக உடைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அந்தக் கார் பைன் மரங்களுக்கு நடுவே ஆளில்லாமல் கிடைத்தது. அது டோர்ஸ்டன் ப்ளூம்ஃபெல்ட் என்ற படகுப் பட்டறை முதலாளியின் கார். ஆனால் அவர் அன்று பன்னிரண்டு மணிக்கே போலீசுக்குப் போன் செய்து, மூளை ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் நிறுத்தியிருந்த காரை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று புகார் சொல்லியிருந்தார். பத்து இருபதிலிருந்து பதினொன்று முப்பது வரை அவர் தலை ஸ்கேன் இயந்திரத்துக்குள் இருந்ததாக நிலையத்தின் பதிவு சொன்னது. வினாடிக் கணக்கோடு சொன்னது. போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

ஹெல்லெவி மூடவில்லை. இரண்டு ஊன்றுகோல்களோடு எங்கள் மாடிப்படியில் ஏறி வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் பேசினாள்.

"இடிச்சவன் வண்டிய நிறுத்தி, கண்ணாடிய இறக்கி, என்னைப் பார்த்தான். முகம் சரியாத் தெரியல. ஆனா பார்த்துட்டுத்தான் போனான். தெரியாம போயிருந்தா விட்டுருப்பேன்."

ஆக, ஏப்ரல் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஆராய்ச்சி நிலையத்தின் நிலவறையில் நானும் சைமியும் டாக்டர் காஸ்கெலாவின் கணினித் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டலாம் என்று ப்ளூம்ஃபெல்ட் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்திருந்தார். கொடுக்காமல் என்ன செய்வார்? அந்தப் படம்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

திரையில் கறுப்புக்கு நடுவே இரண்டு ஆரஞ்சு நிறத் திட்டுகள். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வந்து உட்காருகிற இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர், அவற்றைத்தான் தாங்கள் அளக்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். கொஞ்சம் கதிரியக்கம் ஏற்றிய மருந்தை ஊசியில் போடுவார்களாம். அது மூளைக்குப் போய், டோபமைன் உட்காராத ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். எங்கே எவ்வளவு ஒட்டியது என்று இயந்திரம் எண்ணிச் சொல்லிவிடுமாம்.

"அதாவது பஸ்ஸுல காலி சீட்டை எண்ணுற மாதிரி" என்றேன்.

சைமி என் காலை மிதித்தாள். ஆனால் டாக்டருக்கு அது பிடித்துப்போனது. அப்படியேதான் என்றார். இந்தப் படத்தில் இடது பக்கத் திட்டு வலதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகப் பிரகாசமாக இருப்பதைக் காட்டினார். அங்கே காலி இருக்கைகள் அதிகம். டோபமைன் குறைய ஆரம்பித்தால் மூளை ஆரம்பத்தில் இப்படித்தான் சமாளிக்கும், இருக்கைகளைக் கூட்டிப் பார்க்கும் என்றார்.

"பயணிங்க வரலன்னா நாங்க பஸ்ஸ நிறுத்துவோம். மூளை இன்னொரு பஸ்ஸ விடுதா?"

"கொஞ்ச நாள் விடும். அப்புறம் அதாலயும் முடியாது" என்றார் டாக்டர். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். ஆரோக்கியமான ஐம்பது வயதுக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு அது. தன் அறக்கட்டளை வழியாக ஆய்வுக்கு நன்கொடை கொடுத்தவர் ப்ளூம்ஃபெல்ட். முதல் ஆளாகத் தானே படுத்துக் காட்டுவேன் என்று பத்திரிகையில் அறிவித்திருந்தார். கடைசியில் அவர் படமே இப்படி வந்துவிட்டது. நவம்பரில் டாக்டர் அவருக்குக் கடிதம் எழுதினார், நரம்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி. ஹெல்சிங்கியில் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றை வரியில் பதில் வந்ததாம்.

படுத்திருந்தவர் அவர்தான் என்று எப்படித் தெரியும் என்று சைமி கேட்டாள். காப்பீட்டு அட்டையைக் காட்டினார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார் என்றார் டாக்டர். அன்று ஊசி போட்டதும் ஸ்கேன் எடுத்ததும் வேறு ஊழியர்கள். அட்டையில் புகைப்படம் கிடையாது. ப்ளூம்ஃபெல்ட்டை டாக்டர் நேரில் பார்த்ததே இல்லை.

சைமி வேறெதுவும் கேட்கவில்லை. அக்டோபர் மாதப் படிவத்துக்கும், இப்போது எங்களுக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்துக்கும் நகல் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

படகுப் பட்டறை ஊருக்கு வெளியே, கடலோரத்தில் இருந்தது. பனி உருகி முடியாத முற்றத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய படகுகள் வரிசையாக நின்றன. ப்ளூம்ஃபெல்ட் எங்களைத் தன் அலுவலகத்தில் வரவேற்றார். உயரமான, வெள்ளை மீசைக்காரர். குளிர்காற்று நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவு மூடாமலிருக்க ஒரு பழைய நங்கூரத்தை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் எழுந்து போய் அதை நகர்த்தப் பார்த்தேன்.

"வேண்டாம், திறந்தே இருக்கட்டும்" என்றார் அவர். கொஞ்சம் வேகமாகவே சொன்னார்.

காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வந்தன. ஹெல்லெவிக்கு நேர்ந்தது பற்றித் தன் காரே தனக்கு வெட்கத்தைத் தருகிறது என்றார். திருடன் கிடைத்தால் முதல் கல்லைத் தானே எறிவேன் என்றார். பிறகு பேச்சு அவர் உடல்நிலைக்குத் திரும்பியது. சைமி திருப்பினாள் என்று சொல்ல வேண்டும். அவள் அனுதாபமாகத் தலையைச் சாய்த்தால் கல்லும் தன் கதையைச் சொல்லும். நான் அப்படித்தான் பலமுறை மாட்டியிருக்கிறேன்.

மேசை இழுப்பறையிலிருந்து டாக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினார். "இடது பக்கம்னு தெளிவா எழுதியிருக்காங்க பாருங்க. அதே மாதிரி இந்தக் கையிலதான் ஆரம்பிச்சிருக்கு."

இடது கையில் கோப்பையைத் தூக்கினார். கை நடுங்கியது. காப்பி தட்டில் தளும்பி, மேசையில் வழிந்தது. எனக்கு மனம் இளகிவிட்டது. நானே காகிதக் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். தைரியமாக இருங்கள் என்றுகூடச் சொன்னேன். அந்தக் குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் ஒரு மணி நேரம் படுத்திருப்பது கஷ்டமாக இல்லையா என்று சைமி கேட்டாள். அமைதியாக இருந்தது, கொஞ்சம் தூங்கிக்கூட விட்டேன் என்றார் அவர்.

வெளியே வந்ததும் நான் சைமியைத் திட்டினேன். நோயாளி மனிதரைப் போட்டுக் குடைகிறாயே என்றேன்.

அவள் நின்றாள். "ஓன்னி, எங்க அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்ப மூளையில எந்தப் பக்கம் அடைப்பு?"

"இடது பக்கம்."

"எந்தக் கை விழுந்துச்சு?"

எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. மாமனாருக்கு ஆறு மாதம் நான்தான் சூப் ஊட்டினேன். விழுந்தது வலது கை. மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது. அங்கே குறை என்றால், நடுக்கம் வலது கையில் தொடங்க வேண்டும்.

"அந்த ஆளு கடிதத்தைப் படிச்சுட்டு நடிக்கிறான். ஆனா தப்பான கையில" என்றாள் சைமி. "நோய் அவனுக்கு இல்ல. அந்தப் படமும் அவனோடது இல்ல. கதவ மூடுனாலே பதறுறவன் குழாய்க்குள்ள தூங்கினானாம்."

துடைத்த காகிதக் கைக்குட்டை இன்னும் என் பையில் இருந்தது. அதை எடுத்து அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

காரில் உட்கார்ந்து இரண்டு நகல்களையும் மடியில் விரித்தாள். அனுமதிக் கடிதத்தில் ப்ளூம்ஃபெல்ட்டின் கையெழுத்து பாய் விரித்த படகு மாதிரிப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அக்டோபர் படிவத்திலும் அதே பெயர். ஆனால் முதல் எழுத்து பட்டாணி அளவு; போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து கடுகு அளவு. இந்த நோய் வருகிறவர்களுக்குக் கையெழுத்து இப்படிச் சுருங்கும் என்று எங்கோ படித்திருந்தாளாம். ஏறக்குறைய அதே வயது, இவர் சொன்னால் தட்டாமல் செய்கிற ஆள், எழுத்து சுருங்குகிற கை. அப்படி ஒருவனைத் தேட வேண்டும் என்றாள்.

"தேட வேணாம்" என்றேன். முற்றத்துக்குள் நடந்தபோதே நான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு படகிலும் கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. என்ன வேலை, என்றைக்கு முடிந்தது என்று பேனாவால் எழுதிய அட்டை. பேருந்து ஓட்டினவனுக்குத் தொங்குகிற பலகையைப் படிக்காமல் இருக்க முடியாது.

இருவரும் மறுபடி இறங்கிப் போய் வரிசையாகப் படித்தோம். செப்டம்பர் அட்டைகளில் எழுத்து ஒழுங்காகத் தொடங்கிக் கடைசியில் லேசாக ஒடுங்கியது. நவம்பரில் வரியின் பாதியிலேயே ஒடுங்கியது. டிசம்பரில் எறும்பு ஊர்ந்த மாதிரி. ஜனவரியிலிருந்து வேறு கை, உருண்டையான, ஆரோக்கியமான எழுத்து.

பழைய அட்டைகளை எழுதியது யார் என்று, பக்கத்தில் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தேன். வெய்யோ என்றாள். முப்பத்தொரு வருடம் இங்கே தச்சராக இருந்தவர். ஜனவரியில் முதலாளி அவரை நிறுத்திவிட்டார். ஒரு படகின் பலகைகளைச் சரியாகப் பொருத்தவில்லை, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கவனமில்லை, குடிக்கிறான் போலிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் அனுப்பினாராம்.

டாக்டரின் கடிதம் இழுப்பறைக்கு வந்தது நவம்பரில். வெய்யோவை நிறுத்தியது ஜனவரியில். கை ஏன் தடுமாறுகிறது என்பது உலகத்திலேயே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான் அவரைக் குடிகாரர் என்று சொல்லி வெளியே அனுப்பியிருந்தார்.

நேரே வெய்யோவின் வீட்டுக்குப் போய் வாக்குமூலம் வாங்கிவிடலாம் என்றேன். முடியாது என்றாள். நாம் சொன்னால் அது துப்பு, டாக்டர் சொன்னால்தான் அது வைத்தியம் என்றாள். டாக்டர் காஸ்கெலாவுக்குப் போன் செய்தாள். முகவரி என்ன என்று மட்டும் டாக்டர் கேட்டாராம். மூன்று மணிக்கு அவரே தன் காரில் வந்து வெய்யோவின் குடியிருப்பு வாசலில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

வெய்யோ ஒல்லியான மனிதர். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். யார் என்று தெரிந்ததும் எங்களைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, இடது கையாலேயே காப்பி ஊற்றினார். வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. டாக்டரின் பார்வை அதைவிட்டு நகரவில்லை.

நான் ஒரு கூட்டாளியை எதிர்பார்த்துப் போயிருந்தேன். மறைப்பார், மழுப்புவார், நாம் மடக்க வேண்டியிருக்கும் என்று. அக்டோபரில் ஸ்கேனுக்குப் போனது நீங்களா என்று சைமி கேட்டதும், அவர் உடனே ஆமாம் என்றார். முதலாளிக்கு மூடின இடம் என்றால் பயம், லிஃப்டில்கூட ஏற மாட்டார், பத்திரிகையில் சொல்லிவிட்டுப் பின்வாங்க வெட்கப்பட்டார், அதனால் தன்னைப் போகச் சொன்னார் என்றார். அன்று காலை முதலாளி தன் கோடை வீட்டுக்குக் காரில் கிளம்பியதைப் பார்த்தாராம். ஆராய்ச்சி நிலைய வாசலில் கார் திருடுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டபோது, வழியில் எதற்கோ அங்கே வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாராம். விஷயத்தை வெளியில் சொல்லாதே, அறக்கட்டளைக்கு அவமானம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவரும் சொல்லவில்லை.

திட்டம் போட்டுச் செய்த ஏற்பாடே அல்ல அது. ஒரு பணக்காரனின் சின்ன வெட்கம். அதே ஒரு மணி நேரத்தில் அவன் சாலையில் ஒருத்தியை இடித்ததால், அந்த வெட்கமே அவனுக்குக் கவசமாகிவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டர் பேசினார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்தப் படம் உங்களுடையது. கடிதம் வேறொருவருக்குப் போய்விட்டது. அது எங்கள் தவறு, நாங்கள் முகத்தைச் சரிபார்க்கவில்லை. உறுதியாகச் சொல்ல இன்னும் பரிசோதனைகள் வேண்டும். ஆனால் இது ஆரம்பமாக இருக்கலாம், நல்ல மருந்துகள் இருக்கின்றன, ஐந்து மாதம் வீணாகப் போயிருக்கிறது.

வெய்யோ கோப்பையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்காரலாமா என்றுகூட யோசித்தேன்.

"அப்போ அந்தப் பலகை" என்றார். "தண்ணி உள்ள வந்துச்சே. அது கவனக்குறைவு இல்லையா?"

"இல்ல. கை உங்க பேச்சைக் கேக்கல. அவ்வளவுதான்."

"நான் குடிக்கவே இல்ல, டாக்டர். எட்டு வருஷமாச்சு தொட்டு."

"தெரியும்."

"என் பொண்டாட்டிக்குத் தெரியாது. அலமாரி எல்லாம் திறந்து தேடிப் பார்க்கிறா, பாட்டில் இருக்கான்னு. நீங்க இப்ப சொன்னத ஒரு காகிதத்துல எழுதித் தர்றீங்களா?"

டாக்டர் கைப்பையிலிருந்து நிலையத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, அங்கேயே எழுதினார். வெய்யோ அதை இரண்டு முறை படித்தார். வந்திருப்பது நோய் என்று ஒருவனிடம் சொன்னதும், அவன் முகம் விடுதலையானவன் முகம்போல ஆவதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தத் தாளை மேசை நடுவில், சர்க்கரைக் கிண்ணத்துக்குக் கீழே, உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கும்படி வைத்தார். வாசலில் கிண்டலாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். சைமி என்னைப் பார்த்தாள். வண்டிச் சாவியை எடுத்தேன்.

ப்ளூம்ஃபெல்ட் மூன்று நாளில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். காரைக் காட்டில் விட்டதையும், அங்கிருந்து நடந்தே பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததையும். நடுவில் அவருடைய வழக்கறிஞர், என் கட்சிக்காரர் தீராத நோயாளி, இரக்கம் காட்ட வேண்டும் என்று டாக்டரின் கடிதத்தை ஆதாரமாகக் கொடுத்துப் பார்த்தார். கடிதம் எழுதிய டாக்டரையே சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அதெல்லாம் பத்திரிகையில் வந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தது உண்மைதான், அவள் அசைந்தாள், அதனால் வேறு யாராவது உதவுவார்கள் என்று நினைத்தேன் என்று அவர் சொன்னதும் வந்தது. ஹெல்லெவி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டாளா, கிழித்துப் போட்டாளா என்று எனக்குத் தெரியாது. போன் செய்து நன்றி சொன்னாள். அவ்வளவுதான்.

எனக்கு மறக்காமல் இருப்பது புதன்கிழமை காலை. வெய்யோ மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தார். நல்ல கோட்டு போட்டிருந்தார். மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன. எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, அக்டோபர் ஒன்பதாம் தேதி பத்து ஐம்பதுக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள்.

"ஸ்கேன் மெஷினுக்குள்ள."

"என்ன பேர்ல?"

"டோர்ஸ்டன் ப்ளூம்ஃபெல்ட்."

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ டோர்ஸ்டன் ப்ளூம்ஃபெல்ட் எங்க இருந்தாரு?"

வெய்யோ நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"அத அவர்கிட்டதான் கேக்கணும்" என்றார். "நான் அவரா இருந்தது ஒரு மணி பத்து நிமிஷம். அந்த நேரத்துல நான் யாரையும் இடிக்கல."